சொன்னால் திட்டமாட்டோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்ததைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக்குள் ஆளுக்கொரு விதமாகப் பேச்சு ஓடுவதால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் செவலை நாயை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். குட்டியாக இருந்தபோது யாரோ அதன் கழுத்தில் நைலான் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். விளையாட்டுக்குக் கட்டினார்களா, வளர்க்கலாம் என்று கட்டிவிட்டுப் பிறகு கைவிட்டார்களா, தெரியவில்லை. குட்டி வளர வளர கயிறு சதைக்குள் இறங்கி, தோல் அதை மூடி, கடைசியில் புண்ணில் புழு வைத்துவிட்டது.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர். மதியச் சாப்பாட்டில் தங்களுக்குக் கிடைத்த முட்டையைத் தின்னாமல் கொண்டுபோய் அதற்குப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அவர்களில் ஒரு மாணவி பிளேடால் கயிற்றை அறுக்கப் பார்த்திருக்கிறாள். வலி தாங்காத நாய் அவள் முன்கையில் பல் பதித்துவிட்டது. அதையும் அவள் சொல்லவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். எழுதும்போது கையை மேசையில் வைக்கக் கூசுவதைப் பார்த்து வகுப்பாசிரியை கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

அவளை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்த் தடுப்பூசி போட்டாயிற்று. மீதி ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள அவளுடைய பெற்றோர் முழு ஒத்துழைப்புத் தருகிறார்கள். அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து மருத்துவரும் உதவியாளரும் வந்து நாய்க்கு மயக்க ஊசி போட்டுக் கயிற்றை வெட்டி எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்தார்கள். நாய் இப்போது மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது.

அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "சொன்னா திட்டுவாங்க டீச்சர். தெருநாய்கிட்ட உனக்கென்ன வேலைன்னு கேப்பாங்க." இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

நாம் அப்படிக் கேட்பது பிள்ளைமேல் உள்ள அக்கறையால்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் ரேபீஸ் என்கிற வெறிநோயைப் பொறுத்தவரை பிள்ளை வாயை மூடிக்கொள்வதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்லவேண்டும். அறிகுறி வருவதற்குமுன் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் தடுத்துவிடலாம். கடி, கீறல், புண்ணிருக்கும் இடத்தில் நக்குதல் எதுவானாலும், நாய், பூனை, குரங்கு எதுவானாலும், முதல் வேலையாக ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், அங்கே ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட பிறகு வழக்கமாக 3, 7, 28ஆம் நாள்களில் மறுபடி போடவேண்டும். காயம் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. கடியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் செலுத்துவார்கள். தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட்ட காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். நாய் கடித்ததை மறைக்கிற பிள்ளைகளில் பலர் அந்தப் பழைய ஊசிக் கதையைப் பாட்டி வாயால் கேட்டவர்கள். தயவுசெய்து வேடிக்கைக்குக்கூட அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

இதே வாய்மூடல்தான் விலங்குகளின் துன்பத்தையும் நீட்டிக்கிறது. 2016ஆம் ஆண்டு சென்னையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மருத்துவம் படிக்கும் ஒரு மாணவர் ஒரு நாயை மாடியிலிருந்து கீழே எறிந்தார், கூட இருந்தவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. விலங்கு ஆர்வலர்கள் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போனபோது, செத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்த அந்த நாய் எலும்பு முறிவோடு அதே பகுதியில் உயிரோடு கிடந்தது. பத்ரா என்று பெயர் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், எழுந்து நடந்தது. பார்த்தவர்கள் நமக்கெதுக்கு வம்பு என்று அடுத்த காணொளிக்குப் போயிருந்தால் பத்ரா கிடந்த இடத்திலேயே செத்திருக்கும். எறிந்தவரும் படம் பிடித்தவரும் நன்றாகப் படித்த பிள்ளைகள், மனித உடலில் எது எங்கே வலிக்கும் என்று பாடமாகவே கற்றவர்கள். மதிப்பெண்ணை மட்டும் கேட்டுப் பிள்ளையை வளர்ப்பது போதாது என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் நான் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓணானுக்குக் கண்ணி வைத்துப் பிடித்து வாயில் மூக்குப்பொடி போடுவது, தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது, பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக விளையாட்டு என்ற பெயரில் நடப்பவை. ஓணானை அடித்தால் பாவமில்லை என்பதற்கு ராமரைச் சொல்லி ஒரு கதைகூட வைத்திருக்கிறோம். அந்தக் கதையை நம்மோடு நிறுத்திக்கொள்ளலாம். பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கும் அந்தச் சிறு உயிர் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்ததில்லை.

ஒரு பிள்ளை அறியாமல் செய்வது வேறு. சொல்லியும் கேட்காமல் திரும்பத் திரும்பக் குட்டிகளை உதைக்கிற, சூடு வைக்கிற பிள்ளை வேறு. அப்படி ஒருவனைப் பார்த்தால் அடிக்க ஓடாதீர்கள். அவனை யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று முதலில் பொறுமையாகக் கேளுங்கள். தான் வாங்கிய அடியைத் தன்னைவிட எளிய உயிரிடம் இறக்கி வைக்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களிடம் வாருங்கள், ரகசியம் காப்போம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் பேசலாம்.

கறி சாப்பிடுவதைப் பற்றியதல்ல இந்தக் கடிதம். நம் பெற்றோரில் பாதிப்பேர் ஆடு மாடு வளர்த்துப் பிழைப்பவர்கள். நள்ளிரவில் கன்று ஈனத் தவிக்கும் பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய அதைத் தடவிக்கொடுத்தவர்களுக்கு அன்பைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அந்தக் கை பழக்கத்தைத்தான் தெருவில் கிடக்கும் உயிருக்கும் கொஞ்சம் நீட்டுங்கள் என்கிறேன். வாசலில் படுத்த நாயின் மேல் கொதிநீர் ஊற்றுவது, குட்டி போட்டால் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விடுவது, இரண்டும் பிள்ளைகள் கண் முன்னால்தான் நடக்கின்றன.

இவை சட்டப்படியும் குற்றம். கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அடிப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, அசைய முடியாத குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிப்போடுவது, வளர்த்ததைத் தெருவில் விடுவது எல்லாம் அதில் குற்றங்கள். முதல் குற்றத்துக்கு 50 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு எழுதியது. இன்றைய டீக்கடைக் கணக்கில் அது ஒன்றுமில்லை, மாற்றப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவு வேறு ரகம். விலங்கைக் கொன்றாலோ நஞ்சு வைத்தாலோ ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

தெருநாய்களைக் கண்டு பயப்படும் பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்கு வழி கல்லெறிவதல்ல, கல்லடி பட்ட நாய்தான் அடுத்து வரும் சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சீறுகிறது. கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சிறிது வெட்டியிருப்பார்கள். நம் தெருக்களிலும் அதைச் செய்யக் கேட்டு உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு சார்பில் மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புவோர் அலுவலகத்துக்கு வரலாம்.

தீபாவளி நெருங்குகிறது. நமக்குக் கேட்காத மிக நுண்ணிய ஒலியும் நாயின் காதுக்குக் கேட்கும், வெடிச்சத்தம் அதை எப்படி உலுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாலில் சரம் கட்டுவதை யார் செய்தாலும் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். வீட்டு நாயை அன்றைக்கு வெளியே கட்டிப்போடாமல் உள்ளே ஒரு மூலையில் விடுங்கள்.

அடிபட்ட விலங்கைப் பார்த்தால் பிள்ளைகள் தொடக் கூடாது, தூக்கக் கூடாது, தாங்களே மருந்து போடக் கூடாது. பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வேலை. பெரியவர் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லவேண்டும். ஆடு மாடுகளுக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். பள்ளியில் சொல்ல வரும் எந்தப் பிள்ளையும் இனி திட்டு வாங்காது, இதை ஆசிரியர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் அதே உறுதியை நீங்கள் கொடுக்க வேண்டும்.

கயிறு கட்டியது யார், கடிபட்ட பிள்ளை யார் என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கால்நடை மருத்துவர் நம் பள்ளிக்கு வந்து பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் பேசுகிறார். அதன்பின் வீட்டு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும். நாயைக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் போட்டுப் பெரியவர்களே பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வாருங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை