புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகள் பற்றிய தங்கள் செய்தியில், 'புளி போட்டுத் தேய்த்ததும் பளபளத்தன' என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் புளி கரைத்தார்களோ, வயிறு எரிகிறது.

மண்ணில் கிடந்த செப்புக்காசின் மேல் பச்சையும், அதற்கடியில் செங்கருப்பும் படிந்திருக்கும். அழுக்கென்று நினைத்துத் தேய்க்கிறார்கள். செம்பின் மேற்பரப்பே அப்படி மாறியிருக்கிறது. அரசன் தலையும் எழுத்தும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. புளியின் அமிலம் படலத்தைக் கரைத்தால் எழுத்தும் கூடவே போய்விடும். கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் காசுகள் பல விரல் நகத்தளவுதான், ஏற்கெனவே தேய்ந்தவை. பிறகு கையில் மிஞ்சுவது மொழுமொழுவென்று ஒரு செம்புத் துண்டு. வகை பிரிக்க உதவும் எடையும் குறைந்திருக்கும்.

ஒட்டிய மண்ணை மூங்கில் குச்சியால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபடி எடுத்தாலே போதும். வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தால் உப்பும் ஈரமும் உள்ளே அரிக்கின்றன என்று பொருள். அந்தக் காசை மட்டும் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்து அருங்காட்சியக வேதியியலாளரிடம் சேர்க்க வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. அதிலிருந்து கசியும் அமிலமும் காசைத் தின்னும்.

தங்கள் நிருபர்கள் எப்போதும் 'புதையல்', 'கோடிக்கணக்கில் மதிப்பு' என்றே எழுதுகிறார்கள். அடுத்த வாரமே சல்லடையோடு ஆட்கள் ஆற்றில் இறங்குகிறார்கள். ரோமானியக் காசென்றால் செய்தி. அதே மணலில் வரும் சேரர், சோழர், நாயக்கர் காசுகள் எடைக்குப் போகின்றன. கருப்பு சிவப்புப் பானை ஓடு லாரிச் சக்கரத்தில் நொறுங்குகிறது. ஈரோடு மாவட்ட அகழாய்வுத் தலமான கொடுமணலில், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தது தாங்கள் அறியாததல்ல. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் வெட்டு விழுந்திருக்கிறது. விற்பவனுக்கு அது பழுது. ஆய்வாளருக்கோ, அந்தக் காசை அன்று எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு அந்த வெட்டுதான் சான்று.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாள் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் கேட்பது அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி: கழுவாதீர்கள்; ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு இடம், ஆழம், தேதி எழுதுங்கள்; ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். அடுத்த முறை படம் எடுக்கும்போது, பக்கத்தில் கட்டை விரலுக்குப் பதில் ஓர் அளவுகோலை வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாணயவியல் ஆர்வலர், கரூர்