கையுறை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்துபோனதிலிருந்து அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். சரி, வேலை இருக்கும். லேபில் கையுறை போடாமல் எதையும் தொடாதே கண்ணு.

போன வாரம் குஞ்சு இறக்கினோம், கிழக்கு செட்டில் மட்டும். மழை விடவில்லை. தரையில் பரப்பிய தென்னை மஞ்சி ஈரமேறிக் கட்டி கட்டியாகிறது, கிளறிக்கொண்டே இருக்கிறேன்.

தீவனச் சீட்டின் பின்னால் நீ வரைந்த படம் காலண்டரில்தான் செருகியிருக்கிறது. கிருமிக்குள், மருந்தை எதிர்க்கும் குறிப்பைச் சுமக்கும் ஒரு குட்டி வளையம். ஒரு கிருமி இன்னொன்றுக்குக் குழாய் நீட்டி அந்த வளையத்தை நகல் எடுத்துக் கொடுக்கும், ஈ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு இனம் மாறியும் போகும் என்றாய். “உறைமோர் கொடுக்கிற மாதிரி, கொடுத்தவளுக்குக் குறையாது” என்று அம்மா சொன்னதும் சிரித்தாய். ஒரே வளையத்தில் நாலு மருந்துக்கு எதிர்ப்பு இருந்தால், ஒரு மருந்தை ஊற்றினாலே நாலு எதிர்ப்பும் தங்கிவிடுமாம். எதுவும் கேட்காதபோது கடைசியாகப் போடும் கொலிஸ்டின் மருந்தையே மீறும் வளையத்தை 2015-இல் சீனாவில் பன்றியிலும் கறியிலும் நோயாளியிடமும் கண்டார்களாமே. டியூஷன் இல்லாமல் படித்த பிள்ளை! பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெற்ற அப்பனிடம் போலீஸ்காரர் மாதிரியா கேட்பது, தண்ணியில் என்ன கலக்கினீர்கள் என்று?

கலக்கினேன். 2019 ஜூலையில் கோழிக்குக் கொலிஸ்டின் கொடுக்கத் தடை வந்ததுமே நிறுத்தினேன் என்று சொன்னது பொய். இரண்டு பாக்கெட் மிச்சம் இருந்தது. அந்த ஐப்பசியில் குஞ்சுக்குக் கழிச்சல், விடிந்தால் முப்பது நாற்பது செத்துக் கிடக்கும். யாருக்கும் சொல்லாமல் மேல்தொட்டியில் கொட்டி ஐந்து நாள் விட்டேன். அதற்கு முன்னால் நோயே இல்லாமலும் கொடுத்திருக்கிறேன், எடை ஏறும் என்று. எரு முழுக்க அம்மிச்சி தோட்டத்துத் தென்னைக்குத்தான் போனது.

அம்மிச்சியின் ரிப்போர்ட்டில் மருந்து கேட்காது என்று வரிசையாக ‘ஆர்’ போட்டிருந்ததை நீ மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். கடைசி ஊசியும் கேட்கவில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கிருந்து வந்த கிருமியோ. ராத்திரி மோட்டார் ஓடினால் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வருகிறது.

சோதிக்க மண் எடுக்க வருவதானால் கிணற்றடித் தென்னையில் ஆரம்பி, அங்கேதான் அதிகம் கொட்டினேன். சனிக்கிழமை வா. பல்லடத்தில் இறங்கியதும் போன் பண்ணு. கையுறையை மறக்காதே. எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வா.

அப்பா