பழைய விளையாட்டுகள் எளியவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த கணினி விளையாட்டுகளின் வரலாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் முதலில் கோடும் புள்ளியும், பிறகு வண்ணப் பொம்மைகள், பிறகு முப்பரிமாணம், இன்று திரைப்படத்துக்கு நிகரான காட்சி என்று படத்தின் அழகை மட்டுமே வளர்ச்சியாகக் கணக்கிட்டுக்கொண்டு போகிறது கட்டுரை. 1970களின் விளையாட்டுகள் அதில் ‘பக்குவப்படாத முயற்சிகள்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வரி பொறுக்கவில்லை.

1977இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘2600’ என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு நிரல் எழுதுவது என்றால் என்ன என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும். அதன் தற்காலிக நினைவகம் 128 பைட். இந்தக் கடிதத்தின் ஒரு பத்திகூட அதில் அடங்காது. முழுத்திரைப் படத்தை முன்கூட்டியே வரைந்து வைக்க அங்கே இடமில்லை. ஆகவே, தொலைக்காட்சிக் குழாயின் எலக்ட்ரான் கற்றை வரிவரியாகத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த வரியில் இந்த நிறம், இந்த இடத்தில் இந்த உருவம் என்று நிரல் உடனுக்குடன் சொல்லியாக வேண்டும். ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள் (துடிப்பு என்பது செயலியின் மிகச் சிறிய நேர அலகு); மிகச் சிறிய கட்டளைக்கே இரண்டு துடிப்புகள் செலவாகிவிடும். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் கலைந்துவிடும். உருவங்களின் நகர்வு, மதிப்பெண் போன்ற மற்றக் கணக்குகளையெல்லாம், கற்றை திரையின் அடியை எட்டி மீண்டும் மேலே வரும் சிறு இடைவெளிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இதை எழுதி ஓடவைத்தவர்களின் வேலையையா பக்குவப்படாதது என்கிறோம்?

கேரல் ஷா 1982இல் உருவாக்கிய ‘ரிவர் ரெய்ட்’ விளையாட்டில் விமானத்துக்குக் கீழே நதி விரிந்துகொண்டே போகும். மொத்த விளையாட்டும் 4 கிலோபைட்தான். அவ்வளவு நீண்ட நதியை அதில் சேமித்து வைக்க வழியே கிடையாது. ஓர் எண்ணில் தொடங்கி, குறிப்பிட்ட விதிப்படி அடுத்தடுத்த எண்களைப் பிறப்பிக்கும் சிறு நிரல்துண்டு ஒன்றை எழுதி, அந்த எண்களைக் கொண்டே கரைகளையும் தீவுகளையும் வளைவுகளையும் அமைத்தார் அவர். தொடக்க எண் மாறாததால், எத்தனை முறை ஆடினாலும் அதே நதிதான் வரும். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் இதே வகை உத்தியால் தங்கள் ‘எலைட்’ விளையாட்டுக்கு எட்டு விண்மீன் மண்டலங்களை உண்டாக்கினார்கள். மண்டலத்துக்கு 256 உலகங்கள். அது ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய பெரிய விளையாட்டுகள் எல்லையற்ற நிலப்பரப்பு என்று விளம்பரம் செய்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பற்றியும் சொல்ல வேண்டும். அதில் வரும் 55 வேற்றுலகவாசிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்தச் செயலிக்கு வலு போதவில்லை. ஒவ்வொருவராகத்தான் நகர்த்த முடிந்தது. சுட்டு வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை குறையும், மீதமுள்ளவர்களின் வேகம் தானாகக் கூடும். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். ஆட்டம் போகப்போகக் கடினமாவதால் வரும் பதற்றம் முழுக்க அந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது.

ஒரு தகவல் பிழையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கட்டுரை சொல்வதுபோல் 1972இல் வந்த ‘பாங்’ முதல் கணினி விளையாட்டு அல்ல. வில்லியம் ஹிகின்பாதம் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், மின்னலைகளைக் காட்டும் அலைகாட்டிக் கருவியின் திரையில் டென்னிஸ் ஆடவைத்தது 1958இல். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ 1962இல். சொல்லப்போனால் ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த பாங்கில் நிரலே கிடையாது. முழுக்க முழுக்கச் சில்லுகளை இணைத்த மின்சுற்று அது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறொன்று. கட்டுரையில் நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நிரல் எழுதிய ஒருவர் பெயரும் இல்லை. அட்டாரியும் அன்று தன் நிரலாளர்களின் பெயரை வெளியிட்டதில்லை. வாரன் ராபினெட் தன் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை அமைத்து அதில் தன் பெயரை ஒளித்துவைத்தது அதனால்தான். பெயருக்கும் வருமானப் பங்குக்கும் இடமில்லாததால் அங்கிருந்து நான்கு பேர் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். நிரல் எழுதியவரின் பெயரை உறையில் அச்சிட்டு விற்றது அந்த நிறுவனம். ஷாவின் நதி விளையாட்டு வந்ததும் அங்கிருந்துதான். அவர்கள் போராடிப் பெற்ற அந்த உரிமையை நாம் எழுதும் வரலாறு மறுபடியும் பறித்துவிடக் கூடாது.

ஆகவே தாங்கள் ஒரு தொடர் கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் விற்பனைக் கணக்கு வேண்டாம். ஒரு விளையாட்டை எடுத்து, அதன் நிரல் எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக விளக்கினால் போதும். அதற்கான மூலங்கள் கிடைக்கின்றன. ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலை அதை உருவாக்கியவர்களே 1997இல் வெளியிட்டார்கள். தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ மூலநிரல் பழைய நெகிழ்வட்டுகளில் அகப்பட்டு, 2012இல் அந்த விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். கல்லூரியில் கணினி படிக்கும் எந்த மாணவரும் உட்கார்ந்து வாசிக்கக்கூடியவை இவை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்