எழுதாமல் விட்ட ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். காலேஜ் பிள்ளைகளுக்கு ஜாவா என்ற நிரல் (புரோகிராம்) மொழியைச் சொல்லிக்கொடுப்பது போக, அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேரும் செய்து தருவதுண்டு. ஒரு மொழியில் உள்ள நிரலை இன்னொரு மொழிக்கு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக்கொண்டு வந்து, "சார், ரன் ஆகுது" என்று நிற்கிறார்கள் பிள்ளைகள். ரன் ஆனால் போதும் என்று நினைத்து நானே மாட்டிக்கொண்ட கதை இது.

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட். பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. நான் ஜாவாவில் எழுதிக்கொடுத்த கூலிக் கணக்கு பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. செல்போனில் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. என்னிடம் படித்த இரண்டு பையன்கள் அதைச் செல்போன் ஆப் எழுதப் பயன்படும் கோட்லின் மொழிக்கு மாற்றினார்கள். கூட்டல் கழித்தலில் பைசா பிசகவில்லை.

அதில் முன்பணத்தைக் கழிக்க ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, உண்டு. கூப்பிட்டால் அந்த வாரத் தவணையைப் பாக்கியில் கழித்துவிட்டு, கழித்த தொகையைச் சொல்லும். பப்ளிக் என்று போட்டால் அதை யாரும் கூப்பிடலாம், பிரைவேட் என்றால் அது இருக்கும் கிளாஸுக்குள் (நிரலின் ஒரு பகுதிக்குள்) மட்டும்தான். ஜாவாவில் அதன் முன்னால் நான் எதுவும் போடவில்லை. அப்படி விட்டால் அதே பேக்கேஜில், அதாவது ஒன்றாகச் சேர்த்து வைத்த கிளாஸ்களின் தொகுப்பில், இருப்பவை மட்டும்தான் அதைக் கூப்பிடலாம். பையன்களும் அப்படியே ஒன்றும் போடாமல் மாற்றிவிட்டார்கள். கோட்லினில் ஒன்றும் போடாவிட்டால் பப்ளிக்!

ஆப்பில் கூலிச் சீட்டைக் காட்டும் ஸ்க்ரீனை எழுதியவனுக்கு, எவ்வளவு பிடித்தோம் என்று காட்ட ஒரு தொகை தேவைப்பட்டது. நிரல் எழுதும் எடிட்டரில் புள்ளி வைத்ததும், கூப்பிடக்கூடியவற்றின் பட்டியலில் அந்த மெத்தட் வந்தது, கூப்பிட்டுவிட்டான். அப்புறம் சீட்டைத் திறக்கும்போதெல்லாம் பாக்கியில் 500 ரூபாய் கழிந்தது. மூன்றாவது வாரம் ஒரு அம்மா சூப்பர்வைசரிடம், "வாரம் 500 தானே புடிச்சீங்க, ரெண்டு வாரத்துல 3000 பாக்கி எப்படி தீந்துபோச்சு?" என்று கேட்டிருக்கிறார். பேசாமல் இருந்திருந்தால் அவருக்குத்தான் லாபம். முறைப்படி கழிந்த தவணை போக, வாரத்துக்கு இரண்டு தடவை அவர் சீட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சரிபார்த்தது நான்தானே. கூப்பிடும் எல்லை குறுகினால் கம்பைலர் (நிரலைப் படித்துத் தப்பு சொல்லும் மென்பொருள்) கத்தும், அகன்றால் கத்தாது. ஜாவா மெத்தட்டை ஒன்றும் போடாமல் சி ஷார்ப் மொழிக்குக் கொண்டுபோனால் பிரைவேட் ஆகிவிடும், வேறு கிளாஸிலிருந்து கூப்பிட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும். அதையே சி ஷார்ப்பிலிருந்து விபி டாட் நெட் மொழிக்கு மாற்றினால் பப்ளிக், ஒரு சத்தமும் வராது. சொல் ஒன்றாக இருந்தாலும் நம்ப முடியாது. ஜாவாவில் புரொடெக்டட் என்றால் வாரிசு கிளாஸோடு (அதிலிருந்து பிறந்த கிளாஸோடு) அதே பேக்கேஜில் உள்ளவற்றுக்கும் உரிமை உண்டு. சி ஷார்ப்பில் வாரிசுக்கு மட்டும்தான். பைத்தானில் பெயருக்கு முன்னால் போடும் அடிக்கோடு வெறும் மரியாதைக்குத்தான், யாரையும் தடுக்காது.

"கோட்லினில் இன்டர்னல் போட்டிருக்கலாமே சார்" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. ஆனால் இன்டர்னல் என்றால் அதே மாட்யூலுக்குள் (ஒன்றாகக் கம்பைல் ஆகும் நிரல்களுக்குள்) யாரும் கூப்பிடலாம், எங்கள் ஆப் மொத்தமும் ஒரே மாட்யூல். 'உள்ளே' என்பது கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார், வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடைசியில் கூலிக் கணக்கையும் முன்பணம் கழிப்பதையும் ஒரே கிளாஸுக்குள் கொண்டுவந்து, கழிக்கும் மெத்தட்டுக்கு பிரைவேட் போட்டேன். சீட்டுக்குத் தொகையை மட்டும் சொல்ல வேறொரு மெத்தட் வைத்தேன்.

கல்லூரிகளில் புராஜெக்ட் பார்க்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அவுட்புட்டோடு நிறுத்தாதீர்கள். பழைய நிரலில் ஒவ்வொரு மெத்தட்டையும் யார் கூப்பிடலாம், புதியதில் யார் கூப்பிடலாம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. உங்கள் கல்விப் பக்கத்திலும் இதைத் தமிழில் விளக்கி எழுதினால் நல்லது.

அந்த அம்மாவின் பாக்கி மறுபடி 2000 என்று ஏற்றியாயிற்று. மற்றவர்கள் கணக்கைப் பழைய சீட்டுகளை வைத்து இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர்,
குடியாத்தம்.