பாப்பாவுக்கு, அந்த 6.8 பற்றி

பாப்பா,

நீ பேசி இன்றோடு பத்தொன்பது நாள். "படிப்பு அதிகம்" என்று ஒரு வரி வந்தது, அதுவும் அம்மா போனுக்கு. படிப்புதான் என்றால் சரி, படி. நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

போன முறை வீடியோவில் பேசினோமே, அரை மணி நேரத்தில் அந்த நீலப் பாட்டிலை நாலு தடவை எடுத்தாய். நடுவில் எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வேறு வந்தாய். தண்ணீர் குடிப்பது நல்லதுதான். சும்மா ஞாபகம் வந்தது.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் சர்க்கரை நோய் ஆராய்ச்சி வகுப்பை மூடாமலே போய்விட்டாய். ராத்திரி அம்மா தூங்கினதும் ஒவ்வொரு பாடமாகப் பார்த்தேன். மருத்துவம் படிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சான்றிதழைக் காட்டினால் சீட் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு ஆய்வுக் கட்டுரையை எங்கே சந்தேகப்பட்டுப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்களே, அது நல்ல காரியம். இன்சுலின் பாடத்தை இரண்டு தடவை பார்த்தேன். 1921 கோடையில் டொரண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடிக்கப் பான்டிங்கோடு உட்கார்ந்து வேலை செய்த பெஸ்டுக்கு 22 வயது. உன்னைவிட இரண்டே வயது பெரியவன். கணையத்தில் தீவுகள் மாதிரி இருக்கிற செல் கூட்டங்களை முதலில் பார்த்துச் சொன்ன லாங்கர்ஹான்ஸும் 1869-ல் மாணவன்தானாம். அதைக் கேட்டதும் உன்னை நினைத்துக்கொண்டேன். நாலு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

1922 ஜனவரியில் முதல் இன்சுலின் ஊசி போட்ட பையனுக்கு 14 வயது, எடை 30 கிலோகூட இல்லை. முதல் மருந்து சரியாகக் கேட்கவில்லை. அவர்களோடு இருந்த காலிப் என்ற வேதியியல்காரர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசிதான் வேலை செய்தது. உன் எடை இப்போது எவ்வளவு? வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. கேமரா கோணமாக இருக்கும்.

ஆறாவது பாடத்தைத் திறந்தபோது அது பதினோராவது நிமிஷத்தில் நின்றிருந்தது. நீ நிறுத்தின இடம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிற முதல் வகைச் சர்க்கரை நோய் பற்றிய பாடம். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பது என்று திரையில் நாலைந்து வரி. பொதுவாகச் சொல்கிறார்கள், எல்லாருக்கும். மிச்சத்தையும் பார்த்தேன். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். ஏழாவதை நான் தொடவில்லை. தொட்டால் நீ பார்த்த மாதிரி டிக் விழுந்துவிடும்.

டாக்டராகப் போகிறவள் ஒரு தடவையாவது தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்க்க வேண்டாமா? ஊசி குத்துவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? காலையில் வெறும் வயிற்றில் போனால் ஐந்து நிமிஷ வேலை. சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் நல்லது. அதற்கு மேலே என்றால் கவனிக்க வேண்டும், 126-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு அனுபவத்துக்காகச் சொல்கிறேன்.

நான் பேசாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பில் கேட்டார்கள் என்று என் எச்பிஏ1சி அளவுகளைக் கேட்டாயே, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற அந்த ரத்தப் பரிசோதனை, நாலு அளவு. முதல் மூன்றும் உண்மை. கடைசியில் 6.8 என்று எழுதி அனுப்பினேன். அது 6.8 இல்லை, 9.4. ரிப்போர்ட் பீரோவில் இன்சூரன்ஸ் பைலுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது.

நீ அதை வைத்துக் கோடு போட்டு, அது அழகாகக் கீழே இறங்கி, உங்கள் வழிகாட்டி பாராட்டினார் என்று குதித்தாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் போவதற்கு நாலு நாள் முன்னால் நல்லபிள்ளையாகிவிடுவேன், வெறும் வயிற்று அளவு ஒழுங்காக வந்துவிடும். மற்ற நாளில் மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை பாதி நாள் டப்பாவிலேயே கிடக்கும். சிவப்பணு நாலு மாதம்வரை உயிரோடு இருக்கிறது, ஒட்டின சர்க்கரை அதோடேயே சுற்றுகிறது, நாலு நாள் நடிப்பு அதனிடம் செல்லாது என்று உன் மூன்றாவது பாடத்தில்தான் புரிந்தது. டாக்டர் எனக்குப் பத்து வருஷமாகச் சொன்னதும் இதுதான் போல.

1993-ல் வந்த பெரிய ஆய்வை எனக்குப் போனில் விளக்கினாயே. 1,441 பேர், எச்பிஏ1சி ஒரு பக்கம் 7-ஐ ஒட்டி, இன்னொரு பக்கம் 9-ஐ ஒட்டி. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கண் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது என்றாய். நான் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது முதல் வகைக்காரர்களை வைத்துச் செய்தது, உங்கள் இரண்டாம் வகைக்கு 1998 ஆய்வைப் பாருங்கள் என்று திருத்துவாய். தெரியும். எதைப் பார்த்தாலும் நான் 9 பக்கத்தில்தான் நிற்கிறேன்.

பாட்டியின் காலுக்குக் கட்டு மாற்றும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்த நான்தான் மகளிடம் 6.8 என்று எழுதினேன். டாக்டருக்குப் படிக்கப்போகிறவளின் அப்பாவுக்கு 9.4 என்று எழுதக் கை வரவில்லை.

இது தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயா? அப்படியென்றால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அதுவாகவே இருக்கட்டும் என்றுகூட நினைக்கிறேன். வழிகாட்டியிடம் அளவைத் திருத்திக் கொடுத்துவிடு, அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார் என்றே சொல்.

வியாழக்கிழமை காலை நான் லேபுக்குப் போகிறேன். நீயும் அன்றைக்கே போ. வெறும் வயிற்றில், மறக்காதே. உன் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பிறகு நான் அனுப்புகிறேன். இல்லை, நானே முதலில் அனுப்புகிறேன்.

அப்பா

அந்த நீலப் பாட்டில் அரை லிட்டரா, ஒரு லிட்டரா?