கிழங்கு வேண்டாம், நீ மட்டும் வா

அன்புள்ள நண்பா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அமெரிக்காவில், போர்ட்லாந்தில் உன் வீட்டுப் பின்புறம் கூரைக்கு மேலே ஏறி நிற்கும் ஹாப்ஸ் கொடியை அம்மாவிடம் காட்டினேன். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது இதன் பூதான் என்று சொன்னேன். "இதைப் பொரியல் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரில் வரும்போது பெட்டியில் நாலு வேர்க்கிழங்கு போட்டு வருகிறேன், நம் நீலகிரியில் கோத்தகிரிக் குளிருக்கு நன்றாக வரும் என்கிறாய். வராதுடா. இங்கே குளிர் இருக்கிறது, பகல் போதாது. ஜூனில் உங்கள் ஊரில் பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கு மேல். அந்த நீண்ட பகலில் கொடி பூக்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். பகல் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் பூ. நமக்கு ஜூனில்கூட 13 மணி நேரத்தை எட்டாது. கொடி நன்றாக ஏறுவதற்குள் பூக்கும் காலம் வந்துவிட்டதாக நினைத்து, சவலையாக நின்று, ஒரு கைப்பிடி பூவைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். லாஹௌலில் விளைகிறதே என்பாய். லாஹௌல் இமயமலையில், வடக்கு அட்சரேகை 32 பாகைக்கு மேலே இருக்கிறது. நாம் 11 பாகையில். அவர்களுக்கும் நமக்கும் குளிர் பொதுதான், கோடைப் பகல் பொதுவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புளோரிடாவில் பல்கலைக்கழகத்தார் எல்.ஈ.டி. விளக்கு போட்டுப் பகலை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். செவ்வந்திக்கும் அப்படித்தானே இரவில் விளக்கு போடுகிறார்கள். ஆனால் மின்கட்டணம் யார் கட்டுவது? அப்புறம் நம் மூடுபனி. தேயிலைக்குக் கொப்புள நோய் கொண்டுவரும் அதே ஈரத்தில் ஹாப்ஸ் இலைக்கு அடிச்சாம்பல் நோய் வரும்.

இதைவிட எனக்குப் பயம் கிழங்கில் ஒட்டிவரும் மண். அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுப் பொருள் கொண்டுவருவது சட்டவிரோதம். சும்மா போட்ட சட்டம் இல்லை அது. மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் உருளைக்கிழங்கு நூற்புழுவை 1961-இல் நம் மலையில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். இன்னும் அந்தத் தொல்லை தீரவில்லை. விதைக்கிழங்கு வெளியே அனுப்பவே தடை வந்தது. உன் அப்பாவின் கிழங்குக் காடும் அதில் அடிபட்டதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அப்படியே பூ கிடைத்தாலும் என்ன செய்வது? வீட்டில் பீர் காய்ச்ச உனக்கு 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சட்டம் இருக்கிறது. எனக்கு இருப்பது தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். 1915-இல் யுனைடெட் புரூவரீஸ் என்ற பீர் கம்பெனி உருவானபோது நம் நீலகிரியின் கேஸில் புரூவரி என்ற பீர் ஆலையும் அதில் சேர்ந்ததாம். அந்தப் பெருமையைச் சொன்னால் போலீஸ் விடுமா? அதோடு பீருக்காக மால்ட் (முளைகட்டிய பார்லி) வேகும் வாசனைக்கு முதல் விருந்தாளி கரடிதான். இங்கே எண்ணெய் வாசனைக்கே கதவை உடைக்கிறது.

உன் இரண்டாவது கொடியில் பூ குறைவு என்று எழுதியிருந்தாய். முதல் வருஷம் அது வேரைத்தான் வளர்க்கும், பொறு. அடுத்த வசந்தத்தில் வரும் தளிர்களில் மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடு. கீழ் இலைகளை உருவிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். பூ தொட்டால் காகிதம் மாதிரிச் சரசரத்து, பிரித்தால் உள்ளே மஞ்சள் பொடி தெரியும்போது பறி.

இங்கே உன் வீட்டுப் பந்தல் காலியாகக் கிடக்கிறது. அதில் மேரக்காய் (சௌசௌ) போடப்போகிறேன், முளைத்த காய் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறேன். கோவையில் இறங்கும் தேதியை எழுது, மேட்டுப்பாளையத்துக்கு ஜீப் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்