வெல்லத்துக்கு வராத ஈ

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் விவசாயப் பக்கத்தில் கடி ஈ பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் கால் கிலோ வெல்லத்தைக் கரைத்துக் கட்டுத்தரையில் வைத்தால், மாட்டைக் கடிக்கும் ஈ அத்தனையும் அதில் விழுந்து மடியுமாம். 31 வருஷமாக மாடு கறக்கிறவள் நான். படித்தவர்கள் எழுதியது, நமக்குத் தெரியாத சூட்சுமம் ஏதோ இருக்கும் என்று நம்பி வைத்தேன். இரண்டு நாளில் வாளியில் கிடந்தது சமையலறைக்கு வரும் சாதா ஈ ஒரு கைப்பிடி, கட்டெறும்பு ஒரு படை, பாவம், நாலைந்து தேனீ. மூன்றாம் நாள் கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மிச்சத்தைக் குடித்துவிட்டது. கடி ஈ ஒன்றுகூட விழவில்லை. அவை எப்போதும்போல மாட்டின் முன்னங்காலில், தலையை மேலே வைத்து வரிசையாக உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தன.

ரத்தம் குடிக்கிற ஈக்கு வெல்லத்தைக் காட்டி என்ன பிரயோஜனம் ஐயா? சாதா ஈக்கு வாய் பஞ்சு மாதிரி, நக்கத்தான் முடியும். கடி ஈக்கு வாய் ஊசி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணும் குடிக்கும், பெண்ணும் குடிக்கும். இந்த வித்தியாசம் ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் அந்தத் துணுக்குக்கு மேல் நீங்கள் போட்ட படம் சாதா ஈயின் படம். லட்டு மேல் உட்கார்ந்திருந்தது.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்தரிக்குத் தெளிக்கிற வேப்பெண்ணெய் அளவில் ஒரு சுழியைக் கூட்டிப் போட்டீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படியே கலக்கி அடித்து, செடி கருகி நின்றது. திருத்தம் மூன்று வாரம் கழித்து ராசிபலனுக்குக் கீழே வந்தது. அன்றைக்கு அவர் ராசிக்கு ‘எதிர்பாராத லாபம்’ என்று போட்டிருந்தது வேறு.

துணுக்கில் ‘சிறு தொல்லை’ என்று ஒரு வார்த்தை. அதுதான் என்னை உறுத்துகிறது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை நோயில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது உங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். அந்த நோயை மாட்டுக்கு மாடு கொண்டுபோவது கொசுவும் உண்ணியும் இந்தக் கடி ஈயும்தானே? எங்கள் பக்கம் அது வந்தபோது பெரிய மாடுகளுக்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தோம், தப்பித்தன. ஊசி போடாத கிடாரிக்கன்று ஒன்று உடம்பெல்லாம் உருண்டை உருண்டையாகக் கிளம்பி, ஒன்பதாம் நாள் விடிகாலையில் என் மடியில் தலையை வைத்துச் செத்தது. அப்போது, ஈயைக் கட்டுப்படுத்துவது பற்றி எழுதுங்கள் என்று உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். நீங்கள் போட்டது மயிலைப் பற்றி ஒரு கவிதை. நல்ல கவிதைதான், குறை சொல்லவில்லை.

சரி, பட்டு அறிந்ததைச் சொல்கிறேன், வேண்டுமானால் போடுங்கள்.

கடி ஈ முட்டையிடுவது சுத்தமான சாணியில் அல்ல. காடிக்குக் கீழே சிந்திய சோளத்தட்டும் வைக்கோலும் மூத்திரத்தில் ஊறி மக்குகிறதே, அங்கேதான். கையை விட்டுக் கிளறினால் வெள்ளைப் புழு நெளியும். முட்டை ஈயாக வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒரு முறை அதை வழித்து வெயிலில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் புழு காய்ந்துவிடும். ஒரு வாளி வெல்லத்துக்குப் பதில் ஒரு மண்வெட்டி போதும்.

பறக்கிற ஈக்கு, வெள்ளை பெயின்ட் அடித்த தகரத்தில் எலி பிடிக்கிற பசையைத் தடவி, முழங்கால் உயரத்தில் வெயில் படுகிற இடத்தில் நட்டு வையுங்கள். அது தாழப் பறக்கிற ஈ, தலைக்கு மேலே கட்டினால் வராது. சுற்றிக் கோழிவலை போடுவது முக்கியம். நான் போடாமல் வைத்து ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டது. கடலை எண்ணெயைத் தடவித் தடவி அதைப் பிரித்துவிட அரை மணி நேரம் ஆயிற்று.

பெரிய மாட்டு ஈ வேறு ஜாதி. அதில் பெண்தான் கடிக்கும். கடித்த இடத்தில் ரத்தம் வழியும். மாட்டுக்குச் சர்ரா காய்ச்சலைக் கொண்டுவருவதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்குக் கறுப்பாக, பளபளவென்று, சூடாக ஒன்று ஆடினால் மாடு என்று நினைப்பு. பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் பந்துக்குக் கறுப்பு எனாமல் அடித்து, அதற்கு மேலே பாலித்தீன் தாளைக் கூம்பாகச் சுற்றி, கூம்பின் உச்சியில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டேன். ஈ பந்தைச் சுற்றி வந்து பார்த்து, ஏமாந்து, வெளிச்சத்தை நோக்கி மேலே போய் பாட்டிலில் மாட்டிக்கொள்கிறது. மர நிழலில் கட்டியபோது ஒன்றும் விழவில்லை. வெயிலில் மாற்றிக் கட்டினேன், முதல் நாளே 17. பேத்தி எண்ணினாள். அப்புறம் இந்த ஈ இருட்டுக்குள் வருவதில்லை. உச்சி வெயிலில் மாட்டை மேய்ச்சலில் விடாமல் இருட்டான கொட்டகையில் கட்டினாலே பாதித் தொல்லை தீரும். எருமை சேற்றில் படுப்பது சூட்டுக்கு மட்டுமல்ல, அந்தச் சேறுதான் அதற்கு ஈக்கவசம். அதைப் போய்ச் சோம்பேறித்தனத்துக்கு உவமையாக உங்கள் ஞாயிறு மலரில் எழுதுகிறார்கள்.

வேப்பிலை, நொச்சி மூட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. புகை இருக்கும் வரைதான் பலன். அதையும் நீங்கள் ‘அரிய ரகசியம்’ என்று போன ஆடி மாதம் போட்டீர்கள்.

ஜப்பானில் கறுப்பு மாட்டுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்து, ஈ கடிப்பது பாதியாகக் குறைந்தது என்று 2019-இல் எழுதினார்கள். 2025-இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தருகிற இக் நோபல் பரிசும் கொடுத்துச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாடு பொங்கலுக்கே கொம்புக்கு வர்ணம் அடிக்க விடாது, உதைத்துவிட்டது. ஆனாலும் அந்த ஆறு மாட்டை வைத்து உட்கார்ந்து ஈயை எண்ணிய மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தானே எழுதினார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வியாழக்கிழமை, அதே பக்கத்தில், அதே இடத்தில், வெல்லத் தண்ணீருக்குக் கடி ஈ வராது என்று இரண்டு வரி. கூடவே கடி ஈயின் சரியான படம் ஒன்று, வாய் தெரிகிற மாதிரி. ராசிபலனுக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கோபிசெட்டிபாளையம் அருகில்.

பி.கு.: வெல்லத்துக்கான காசை நான் கேட்கவில்லை. கன்றுக்குட்டிதான் இப்போது எந்த வாளியை வைத்தாலும் முகர்ந்து பார்க்கிறது, வெறும் தண்ணீர் என்றால் முட்டிக் கவிழ்த்துவிடுகிறது.